கதை சொன்ன கோதை

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு, பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் கடிதம் எழுதுவது ஒருவர் செய்யும் வேலையாக இருக்கவில்லை. அதற்கு இருவர் தேவைப்பட்டனர். பால்மரம் வெட்டிவிட்டு லயத்துக்குத் திரும்பிய தொழிலாளி, எழுத்தறிந்த ஒருவரைத் தேடிச் செல்வார். அவர் தோட்டத்துக் கிராணியாக இருக்கலாம். பள்ளி வாத்தியாராகவும் இருக்கலாம். ஊரில் இருக்கும் தாய்க்கோ தமையனுக்கோ சொல்ல வேண்டியதைத் தொழிலாளி சொல்லச் சொல்ல, மற்றவர் எழுதுவார். நெஞ்சு ஒருவருடையது, கையெழுத்து இன்னொருவருடையது.

அதே 1920களின் தொடக்கத்தில், கடலுக்கு அப்பால் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் ஓர் இளம்பெண் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய தோழி எழுதிக்கொண்டிருந்தார். ஆனால், அவர் சொன்னது கடிதமன்று. ஒரு முழு நாடகம். அந்தப் பெண்ணுக்கு அப்போது சரளமாக எழுத வராது. பின்னாளில் 115 நாவல்களை எழுதி, ஒரு மாத இதழை ஏறக்குறைய 35 ஆண்டுகள் நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாள்தான் அவர்.

கோதைநாயகி 1901ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பிறந்தார். தந்தையார் வெங்கடாச்சாரியார்; தாயார் பட்டம்மாள். குழந்தைக்கு ஒரு வயதானபோதே தாய் இறந்துவிட்டார். பாட்டியும் சிற்றப்பாவும் சித்தியும் அவரை வளர்த்தனர். அக்காலத்து வழக்கப்படி அவருக்கு மிக இளம் வயதிலேயே திருமணம் நடந்தது. மணமகளுக்கு ஐந்தரை வயது. மணமகன் பார்த்தசாரதிக்கு ஒன்பது வயது. இன்று நாம் முதலாம் ஆண்டு மாணவர் என்று அழைக்கும் வயதைக்கூட எட்டாத சிறுமி ஒரு வீட்டின் மருமகளானார். பள்ளிக்கூடத்தின் படியை அவர் மிதித்ததே இல்லை.

புகுந்த வீடு படிப்பாளிகள் நிறைந்த வீடு. வை.மு. என்னும் எழுத்துகள் 'வைத்தமாநிதி முடும்பை' என்ற குடும்பப் பெயரைக் குறிப்பவை. கம்பராமாயணத்துக்கு உரை எழுதிப் புகழ்பெற்ற வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியாரும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரே. ஆனாலும், வீட்டில் புத்தகங்கள் இருப்பது வேறு. அவை ஒரு பெண்ணின் கைக்கு எட்டுவது வேறு. இங்கே கோதைநாயகிக்கு நல்வாய்ப்பு இருந்தது என்றே சொல்ல வேண்டும். மாமியார் அவருக்குத் தெலுங்கு கற்றுக்கொடுத்தார். சிற்றப்பாவிடம் அவர் தமிழ் நூல்களைக் கேட்டுக் கற்றார். கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். மனைவியை வீட்டுக்கு வெளியே அழைத்துச் செல்வதையே ஊரார் முகஞ்சுளித்துப் பார்த்த காலம் அது.

நாடகம் பார்த்துவிட்டு வந்தால், அக்கம்பக்கத்துக் குழந்தைகள் கோதையைச் சூழ்ந்துகொள்வர். பார்த்த கதையை மட்டும் அவர் சொல்வதில்லை. தாமாகவே புதிய கதைகளையும் கட்டிச் சொல்வார். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் கேட்பவர் அருகில் நகர்ந்து வருவர், எந்த இடத்தில் நிறுத்தினால் அடுத்து என்ன என்று துடிப்பர் என்பதை அவர் அந்தக் குழந்தைகளிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும். மர்ம நாவல் எழுதுபவருக்கு வேண்டிய முதல் பாடம் அதுவே. அந்தப் பாடத்தை எழுத்தறிவு பெறுவதற்கு முன்பே அவர் படித்துவிட்டார்.

மனத்தில் உருவான ஒரு நாடகத்தை அவர் தம் தோழி பட்டம்மாளிடம் சொன்னார். தோழிக்கும் தாயின் பெயரே அமைந்தது தற்செயல்தான். கோதைநாயகி சொல்லச் சொல்லப் பட்டம்மாள் எழுதினார். 'இந்திரமோகனா' என்னும் அந்நாடகம் 1924இல் நூலாக வெளிவந்து பாராட்டும் பெற்றது. பெயரோ கோதைநாயகியுடையது, கையெழுத்துப் படியோ தோழியுடையது. இந்த நிலையிலேயே அவர் நின்றிருக்கலாம். சொல்ல ஒருவர், எழுத ஒருவர் என்று ஒரு வசதியான ஏற்பாடு அமைந்துவிட்டதே! ஆனால், அவர் அந்தத் தோழியிடமே முறையாக எழுதக் கற்றுக்கொண்டார். இருபது வயதைக் கடந்த பெண் சிலேட்டுப் பிடிக்கும் குழந்தையைப்போல எழுத்துகளை எழுதிப் பழகினார்.

அந்தக் காலத்தில் தமிழ் வாசகர்கள் எதை விரும்பிப் படித்தனர் என்பதை இங்குச் சற்றுப் பார்க்க வேண்டும். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் துப்பறியும் கதைகள் தமிழுக்குள் புகுந்துவிட்டன. ஜே.ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908இல் வெளிவந்து, பல பதிப்புகளைக் கண்டது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதிக் குவித்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் 'மனோரஞ்சனி' என்ற இதழை நடத்தி, அதில் தம் கதைகளை வெளியிட்டார். மறைந்த உயில், மாறுவேடம், நள்ளிரவில் காணாமற்போன பெண் என்று கதைகள் ஓடின. புலவர்கள் சிலர் இவற்றைக் கண்டு சலித்துக்கொண்டனர். வாசகர்களோ அடுத்த இதழுக்காகக் காத்திருந்தனர்.

நம் நாட்டிலும் இக்காற்று வீசாமல் இல்லை. 1917இல் க. வெங்கடரத்தினம் எழுதிய 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' மலாயாவின் தொடக்கக்காலத் தமிழ் நாவல்களுள் குறிப்பிடத்தக்கது. 'அல்லது' என்று இரட்டைப் பெயர் வைப்பது அக்கால நாவலாசிரியர்களுக்கு மிகவும் பிடித்த பழக்கம். 1924இல் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' இதழ் தொடங்கப்பட்டது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்த தோட்டங்களில் பள்ளி இருக்க வேண்டும் என்று பணித்தது. மெல்ல மெல்ல வாசகர் கூட்டம் ஒன்று கடலின் இரு கரைகளிலும் உருவாகிக்கொண்டிருந்தது.

ஆனால், மேலே சொன்ன பெயர்களை மறுபடியும் பாருங்கள். அனைவரும் ஆண்கள். நாவல்களில் கடத்தப்பட்டவர்களும் மயங்கி விழுந்தவர்களும் பெண்கள், எழுதியவர்கள் ஆண்கள்.

கோதைநாயகி தம் முதல் நாவலுக்கு 'வைதேகி' என்று பெயரிட்டார். எழுதி முடித்தால் போதுமா? அதை யார் வெளியிடுவார்? பள்ளிக்கே செல்லாத, இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் கதைக்குப் பதிப்பாளர் கிடைப்பது எளிதன்று. வடுவூர் துரைசாமி ஐயங்கார் அவருக்கு ஊக்கமளித்தார். அப்போது 'ஜகன்மோகினி' என்ற மாத இதழ் வெளிவராமல் நின்றுபோயிருந்தது. கோதைநாயகியும் கணவரும் அதை விலைக்கு வாங்கினர். 1925இல் கோதைநாயகியை ஆசிரியராகக் கொண்டு ஜகன்மோகினி மறுபடியும் வெளிவந்தது. அதில் 'வைதேகி' தொடராக வளர்ந்தது. கதைக்கு இதழ் கிடைக்காதபோது, கதைக்காக இதழையே வாங்கிய துணிச்சல் இது.

இன்று கணினியில் எழுதி, ஒரு பொத்தானை அழுத்தி நூலை வெளியிட முடிகிறது. அன்று அப்படியில்லை. ஆசிரியர் தாளில் எழுதிய கதையை அச்சுக்கோப்பவர் ஓர் எழுத்துக்கு ஓர் ஈய அச்சாக எடுத்துக் கையால் கோப்பார். கோத்த பக்கத்தில் மை தடவி ஒரு படி எடுத்து, பிழை திருத்த அனுப்புவர். திருத்திய பிறகுதான் அச்சடிப்பு. பின்னர்த் தாள்களை மடித்து, தைத்து, ஒவ்வொரு சந்தாதாரரின் முகவரியையும் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்ப வேண்டும். தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் தபாலுக்கும் பணம் முதலில் போக வேண்டும். சந்தாப் பணம் பின்னால்தான் வரும்; வராமலும் போகலாம். இத்தனைக்கும் நடுவில் அடுத்த மாதத்துக்கான கதைப் பகுதி தயாராக இருக்க வேண்டும். எழுத்தாளருக்கு மனம் ஓடவில்லை என்று அச்சகம் காத்திருக்காது.

தொடராக எழுதுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நூலாக எழுதுபவர் இருபதாம் அதிகாரத்தில் ஒரு சிக்கல் வந்தால் திரும்பிச் சென்று இரண்டாம் அதிகாரத்தை மாற்றலாம். தொடர் எழுதுபவரால் முடியாது. இரண்டாம் அதிகாரம் வாசகர் கையில் போய்ச் சேர்ந்துவிட்டது. போன மாதம் போட்ட முடிச்சை இந்த மாதம் அவிழ்த்தாக வேண்டும். அவிழ்த்துவிட்டு, அடுத்த மாதத்துக்கு ஒரு புதிய முடிச்சையும் போட வேண்டும். குழந்தைகளுக்குக் கதை சொல்லிப் பழகிய கோதைநாயகிக்கு இந்த வித்தை கைவந்தது. ஜகன்மோகினியின் வாசகர்கள் பெருகினர். மர்மமும் துப்பறிதலும் கொண்ட நாவல்களைத் தமிழில் எழுதிய முதல் பெண் என்று இன்று அவரைக் குறிப்பிடுகின்றனர்.

எல்லாரும் மகிழ்ந்துவிடவில்லை. ஒரு பெண் கதை எழுதுவதும், அதை அச்சிட்டு விற்பதும், தம் பெயரை ஆசிரியர் என்று போட்டுக்கொள்வதும் சிலருக்குப் பொறுக்கவில்லை. இவற்றை எழுதுவது அவரல்லர், அவருடைய கணவர்தான் என்று பேச்சு எழுந்தது. இதழைக் கிழித்தெறிந்து எதிர்ப்புக் காட்டியவர்களும் உண்டு. முதல் நாடகத்தைத் தோழி எழுதினார் என்ற உண்மையை மறைக்காதவருக்கு, தாமே எழுதியதைத் தாம் எழுதவில்லை என்ற பழி வந்தது. இந்தப் பழிக்கு அவர் நீண்ட மறுப்புரை எழுதி நேரத்தைச் செலவிடவில்லை. அடுத்த நாவலை எழுதினார், அதற்கடுத்ததையும் எழுதினார்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு நிகழ்வை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மெல்பர்ன் நகரில் பெர்கஸ் ஹியூம் என்ற வழக்கறிஞர் அலுவலக எழுத்தர் ஒருவர், ஒரு குதிரை வண்டிக்குள் நிகழும் கொலையை வைத்துத் துப்பறியும் நாவல் ஒன்று எழுதினார். பதிப்பாளர்கள் ஏற்கவில்லை. 1886இல் தம் சொந்தச் செலவில் அதை அச்சிட்டார். நூல் சுடச்சுட விற்றது. ஹியூமோ அதன் உரிமையை வெறும் 50 பவுனுக்கு விற்றுவிட்டார். பின்னர் அது இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் இலட்சக்கணக்கில் விற்றபோது, பணம் வேறு கைகளுக்குப் போனது. கோதைநாயகி அந்தத் தவற்றைச் செய்யவில்லை. கதையும் அவருடையது, இதழும் அவருடையது. தொடராக வந்த நாவல்களை ஜகன்மோகினி அலுவலகமே நூல்களாகவும் வெளியிட்டது.

1925ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இன்னொரு வகையிலும் திருப்பமாக அமைந்தது. சென்னைக்கு வந்த காந்தியடிகளை அவர் சந்தித்தார். அதன்பின் பட்டாடைகளையும் நகைகளையும் துறந்து கதராடை உடுத்தத் தொடங்கினார். மேடையேறிப் பேசினார், பாரதியார் பாடல்களைப் பாடினார். 1930களின் தொடக்கத்தில் மறியல் போராட்டத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். சிறையிலும் நாவல் எழுதினார். அவர் சிறையில் இருந்தபோது கணவர் இதழைப் பார்த்துக்கொண்டார். கணவர்தான் எழுதுகிறார் என்று முன்பு பேசியவர்கள், சிறைக்குள்ளிருந்து வந்த நாவலைப் பற்றி என்ன பேசினார்களோ!

அவருடைய கதைகளும் மாறின. மர்மமும் எதிர்பாராத திருப்பங்களும் தொடர்ந்து இருந்தன. ஆனால், அவற்றோடு கைம்பெண் மறுமணம், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகிய கருத்துகளும் சேர்ந்துகொண்டன. குற்றவாளி யார் என்று அறியப் பக்கத்தைப் புரட்டும் வாசகர், வழியில் ஒரு சமூகச் சீர்திருத்தச் சொற்பொழிவையும் கேட்டாக வேண்டும். இன்று படிப்பவர்களுக்கு இந்தச் சொற்பொழிவுகள் நீளமாகத் தோன்றலாம். தற்செயலாக நிகழும் சந்திப்புகளும் அவர் நாவல்களில் மிகுதி. திறனாய்வாளர்கள் பலர் அவருக்கு உயர்ந்த இடம் கொடுக்கவில்லை. ஆனால், அவருடைய இதழுக்காக மாதந்தோறும் காத்திருந்தவர்களுள் வீட்டை விட்டு அதிகம் வெளியே செல்லாத பெண்கள் ஏராளம். அவர்களிடம் அந்தச் சொற்பொழிவு போய்ச் சேர வேறு வழி எதுவும் அன்று இருக்கவில்லை.

1941 டிசம்பர் இறுதியில் ஜப்பானியப் படை ஈப்போவைப் பிடித்தது. அடுத்த சில மாதங்களில் போரின் அச்சம் சென்னையையும் எட்டியது. குண்டுவீச்சுக்குப் பயந்து 1942இல் மக்கள் கூட்டங்கூட்டமாக நகரை விட்டுப் புறப்பட்டனர். கோதைநாயகியும் சென்னையிலிருந்து வெளியேறி, சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் தங்கினார். தாளுக்குக் கடும் பஞ்சம். இந்த நெருக்கடியிலும் ஜகன்மோகினியை விட்டுவிட அவருக்கு மனமில்லை.

திரைப்படமும் அவரைத் தேடி வந்தது. 1937இல் 'ராஜமோகன்', 1938இல் 'அநாதைப் பெண்' ஆகியவை அவருடைய நாவல்களை ஒட்டி எடுக்கப்பட்டன. திரைப்படத் தணிக்கைக் குழுவிலும் அவர் உறுப்பினராகப் பணியாற்றினார்.

1956இல் ஒரே மகன் இறந்தார். ஒரு வயதில் தாயை இழந்தவர், ஐம்பத்தைந்தாம் வயதில் பிள்ளையையும் இழந்தார். அந்த அடியிலிருந்து அவர் மீளவில்லை. காசநோய் பற்றிக்கொண்டது. எழுத்து ஓய்ந்தது. 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் அவர் காலமானார்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1966இல், 'சித்தி' என்ற தமிழ்த் திரைப்படம் வெளிவந்தது. பத்மினி நடித்த அந்தப் படத்தை உங்கள் தாத்தா பாட்டி பார்த்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். அடுத்தவள் பெற்ற பிள்ளைகளை வளர்க்கும் ஒரு பெண்ணின் கதை அது. அதன் மூலக்கதை வை.மு. கோதைநாயகி எழுதிய 'தயாநிதி'.